கப்சிப் அண்ணன் கடல் தாண்டிய கதை

சலூன்காரர்கள் பேசுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். தலை அவர்கள் கையில் இருக்கும் இருபது நிமிஷத்துக்குள் ஆட்சியைக் கவிழ்த்து, புது ஆட்சியை அமைத்து, அதையும் கவிழ்த்துவிடுவார்கள். கல்லூரி வாசலுக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டுக் கடை வைத்திருந்தவர் மட்டும் அந்த ரகமில்லை. உட்கார்ந்ததும் "எப்படி வெட்டணும்?" என்று ஒரு கேள்வி. எழுந்திருக்கும்போது "போதுமா?" என்று இன்னொன்று. நடுவில் கத்தரிக்கோல் சத்தம்தான். மாணவர்கள் அவருக்குக் கப்சிப் அண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வயது ஐம்பத்தொன்று. பதினாறு வயதில் விளக்குமாறு பிடித்துத் தரையில் கிடந்த முடியைக் கூட்ட ஆரம்பித்தவர், முப்பதில் சொந்தக் கடை போட்டார். நடுவில் ஒரு வெளிநாட்டு ஆசை வந்தது. ஏதோ ஒரு பெரிய நகரத்துச் சலூனில் வேலை கிடைத்து, பாஸ்போர்ட் எடுத்து, விசாவும் வந்துவிட்டது. அந்த வாரம்தான் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த மனைவியைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இவர் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். பிறகு மகள் பிறந்தாள், படித்தாள், வேலைக்கு வேறு ஊர் போனாள். பாஸ்போர்ட்டை மட்டும் காலாவதி ஆகும்போதெல்லாம் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்.

"தெருமுனை தாண்டாத பாஸ்போர்ட்டுக்கு எதுக்குங்க புது அட்டை?" என்று மனைவி கேட்பாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். காலாவதித் தேதி என்றால் கண் தானாக அங்கே போய்விடும்.

"இருக்கட்டும்" என்பார். அவ்வளவுதான் பதில்.

கடலுக்கு அப்பால் ஒரு மலைநாட்டில் நிலநடுக்கம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்த நேரம். ஒரு மதியம் கல்லூரியின் சேவைக் குழுத் தலைவி கடைக்குள் வந்தாள். எல்லோரும் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் காகிதம் ஒட்டிய ஒரு தகர டப்பா.

"அண்ணே, அங்க ஒரு முகாம்ல எட்டுப் பேரை வரச் சொல்லியிருக்காங்க. லீவுல போய்ப் பன்னிரண்டு நாள் வேலை செய்யணும். டிக்கெட் மட்டும் எங்க செலவு. இந்த உண்டியலைக் கண்ணாடிக்குக் கீழ வெச்சுக்கறீங்களா?"

அவர் டப்பாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரைப் பார்த்தார்.

"உண்டியல் வேண்டாம்மா" என்றார். "கழுத்துல கத்தியை வெச்சுக்கிட்டு உண்டியலைக் காட்டினா அதுக்குப் பேர் வழிப்பறி."

அவர் வாயிலிருந்து இவ்வளவு பெரிய வாக்கியம் வந்ததைக் கேட்டு நுரைக்காரரே திரும்பிப் பார்த்தார். கேப்டன் முகம் சுருங்கிவிட்டது. அவள் படியிறங்கப் போனபோது அவரே கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை கடை லீவு. அன்னிக்குத் திறக்கறேன். ஆள் கூட்டிட்டு வாங்க. வர்றதெல்லாம் உங்களுக்கு."

அடுத்த மூன்று ஞாயிறுகள் அந்தத் தெரு திருவிழாபோல இருந்தது. ஒட்டகம் என்று பெயரெடுத்த ஒரு நெட்டைப் பையன் நடுத்தெருவில் நின்று, போகிற வருகிறவர்களின் தலையைப் பார்த்து, "சார், காதை மூடுது பாருங்க, ஒரு வெட்டு!" என்று மறித்தான். இரண்டு பேர் கூட்டினார்கள், ஒருவர் துணி உதறினார், ஒருவர் தண்ணீர் தெளித்தார். இயற்பியல் பேராசிரியர் வந்து உட்கார்ந்தபோது எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இருந்ததே நாற்பது முடி. கப்சிப் அண்ணன் சிரிக்காமல், அவசரப்படாமல், அரை மணி நேரம் எடுத்து அந்த நாற்பதையும் சீர் செய்தார். பேராசிரியர் கண்ணாடியில் இடமும் வலமும் பார்த்துவிட்டு ஒரு தலைக்கு நான்கு தலைக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டுப் பேருக்கும் பணம் சேர்ந்துவிட்டது. சேர்ந்த மறுநாள் எட்டாவது பெண்ணின் அப்பா, "இடிஞ்ச ஊருக்கா? மூச்சுவிடக் கூடாது" என்று ஒரே போடாகப் போட்டார். டிக்கெட் எடுக்க இரண்டு நாள்தான் மீதி. கேப்டனும் ஒட்டகமும் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து யாரைக் கூப்பிடலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"நான் வரலாமா?" என்றார் கப்சிப் அண்ணன்.

ஒட்டகம் சிரித்துவிட்டான். கேலியாக அல்ல, நிஜமாகவே ஜோக் என்று நினைத்துவிட்டான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னான்: "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க வீடெல்லாம் இடிஞ்சு கிடக்கு. முடி வெட்டறதுக்கா ஆள் கூட்டிட்டுப் போறது?"

"கல் தூக்கறேன்" என்றார் அவர். "டிக்கெட்டும் நானே போட்டுக்கறேன். அந்தக் காசுல அவங்களுக்குத் தார்ப்பாய் வாங்குங்க."

கேப்டன் முகாமுக்கு எழுதிக் கேட்டாள். உடம்பில் தெம்பிருந்தால் போதும், வயது பார்ப்பதில்லை என்று பதில் வந்தது. ஆனால் பையன் சொன்னது அவருக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. அவன் சொன்னது சரிதானே என்று தோன்றியதுதான் வலி. மூன்றாவது நாற்காலி வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்தபோதும் அந்த வார்த்தை காதில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"அங்க போய் என்ன பண்ணுவீங்க?"

"கல் தூக்கணும்."

"இங்க சிலிண்டரைத் தூக்கி வைங்கன்னா இடுப்பு பிடிச்சுக்குச்சுன்னு உட்கார்றவரு!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பெட்டி பரண்மேல் ஏறியதைக் கட்டிலில் படுத்தபடி பார்த்தவள் அவள்தான்.

"போயிட்டு வாங்க" என்றாள். மறுநாள் மருந்துக் கடையிலிருந்து வலிக்குத் தடவும் தைலம், இடுப்புப் பட்டை, காயத்துக்குக் கட்டு என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து அடுக்கினாள். பெட்டியை மூடப்போகும்போது கேட்டாள்: "தொழில் சாமான் எடுத்து வெச்சாச்சா?"

"கல் தூக்கத்தானே போறேன்."

"எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

அந்தச் சாமானைப் பெரிய பெட்டியில் வைக்காமல் தோள்பையில் வைத்ததுதான் வம்பாகிப்போனது. விமான நிலையச் சோதனையில் ஐந்து கத்தரிக்கோல், இரண்டு சவரக் கத்தி, ஒரு பொட்டலம் பிளேடு என்று ஒவ்வொன்றாக வெளியே வர, அதிகாரியின் புருவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி மேலே ஏறியது. அவரோ வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. கேப்டன்தான் ஓடிவந்து, பேசிக் கெஞ்சி, அவரைத் திரும்பக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சரக்குப் பெட்டியில் போட வைத்தாள்.

முகாம் ஒரு பள்ளி மைதானத்தில் இருந்தது. வரிசை வரிசையாக நீலக் கூடாரங்கள். இடிந்த தெருக்களில் மாணவர்களும் ஊர்க்காரர்களும் சங்கிலிபோல நின்று கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி ஓரமாகக் குவித்தார்கள். கப்சிப் அண்ணன் சளைக்கவில்லை. முதல் நாள் சமாளித்தார், இரண்டாம் நாள் பட்டை கட்டிக்கொண்டார், மூன்றாம் நாள் மதியம் இடுப்பு 'இனி முடியாது' என்று சொல்லிவிட்டது. கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து தைலம் தடவிக்கொண்டிருந்தபோது, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாரமாக வந்து சேர்ந்துவிட்டோமே என்ற நினைப்பு.

அப்போது ஒட்டகம் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். சுண்ணாம்புத் தூசி முடியில் அப்பி, வேர்வையில் ஊறிக் கெட்டியாகிவிட்டிருந்தது.

"அண்ணே, அரிக்குது. ஒட்ட வெட்டிவிடுங்களேன்."

கவிழ்த்த பெயிண்ட் டின்மேல் அவனை உட்காரவைத்து, போர்வையைக் கழுத்தில் சுற்றி, கையால் அழுத்தி ஓட்டும் பழைய மெஷினை எடுத்தார். மின்சாரம் இல்லாத இடத்தில் அதுதான் உதவும். வெட்டி முடித்துப் போர்வையை உதறித் திரும்பினால் பின்னால் மூன்று பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள். சும்மா நின்றார்கள்.

முதலில் நின்றவர் தாடியைத் தொட்டுக் காட்டினார். இரண்டு மாதத்துத் தாடி. அண்ணன் டின்னைத் துடைத்துக் காட்டினார். அந்த மனிதர் உட்கார்ந்து கண்ணை மூடினார். வெந்நீர்த் துணியை முகத்தில் வைத்ததும் அவர் தோள் இரண்டும் இறங்குவதை அண்ணன் கவனித்தார். சவரம் முடிந்து, துண்டில் சுற்றியிருந்த கைக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். அந்த மனிதர் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, அண்ணன் முகத்தைப் பார்த்து, தன் மொழியில் ஏதோ நீளமாகப் பேசினார். அண்ணன் "ம்" என்றார்.

மறுநாள் காலையில் நாற்பது பேர் வரிசை. முகாம் பொறுப்பாளர் வந்து பார்த்துவிட்டு, இனி இவர் கல் பக்கம் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மருத்துவக் கூடாரத்திலிருந்து பிளேடும் மருந்துத் தண்ணீரும் வந்தன. வெந்நீர் வைக்க, துணி அலச ஒட்டகம் தானாகவே வந்து நின்றான். உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் பேசிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். அண்ணன் ஒவ்வொரு இடத்திலும் சரியாக "ம்" போட்டார்.

"அண்ணே, அவங்க சொல்றது புரியுதா?" என்று கேட்டான் ஒட்டகம்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு 'ம்' போடறீங்க?"

"கடையிலயும் அப்படித்தான்" என்றார்.

ஏழாம் நாள் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வரிசையில் நின்றாள், முறை வந்ததும் டின்மேல் உட்காரவில்லை. கைக்கண்ணாடியைக் காட்டினாள். கொடுத்தார். அந்த ஊரில் கண்ணாடி என்று ஒன்றுகூட உடையாமல் மிஞ்சவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் தன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ஆறிவந்த தழும்பைப் பார்த்தாள். விரலால் முடியை இழுத்து அதை மறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, முடியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். கண்ணாடியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை சாமான்களைக் கழுவும்போது ஒட்டகம் மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணே, அன்னிக்குக் கடையில நான் சொன்னேனே..."

"வெந்நீர் ஆறுது பாரு" என்றார் அண்ணன். ஆனால் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே தைத்திருந்த முள் எப்போது கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது கண்ணாடியை முகாமிலேயே விட்டுவிட்டு வந்தார்.

திரும்பி வந்த ஆறாவது வாரம் கேப்டன் ஒரு கடிதத்தோடு கடைக்குள் ஓடிவந்தாள். அடுத்த விடுமுறைக்கும் ஆள் அனுப்பச் சொல்லி முகாமிலிருந்து எழுதியிருந்தார்கள். மாணவர்கள் ஆறு பேர் போதும், சலூன்காரர்கள் இரண்டு பேர் வேண்டும்.

"ஒருத்தர் நீங்க. இன்னொருத்தருக்கு எங்கண்ணே போறது?"

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சலூன் இருந்தது. வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்ட தகராறில் இரண்டு கடைக்காரர்களும் முகம் பார்த்துப் பேசிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. கப்சிப் அண்ணன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடையைக் கேப்டன் பொறுப்பில் விட்டுவிட்டு, நேராக அங்கே போனார். போய் நின்று, தன் வாழ்நாளிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார். இடையில் ஒருமுறை தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

பஸ் நிலையத்துக்காரர் கேட்டுக்கொண்டே கத்தியைத் தீட்டினார். தீட்டி முடித்து, கட்டைவிரலில் கூர் பார்த்து, கடைசியாகக் கேட்டார்:

"அங்க வெந்நீருக்கு வசதி இருக்கா?"

"இருக்கு" என்றார் கப்சிப் அண்ணன், பெஞ்சில் அவருக்கும் இடம் விட்டு உட்கார்ந்துகொண்டு.