அடைத்த குழாயில் அரை மில்லி

நம்புகிறவர்கள் நம்புங்கள். தாஹிர் பாயின் நெற்றியில் பதினேழு தையல் இருக்கிறது. அது கற்பனை இல்லை.

என் பெயர் மாலதி. வீடு தாராவி, வேலை ஐரோலியில் ஒரு ரசாயன லேபில். எண்ணெய், உப்புநீர், சோப்பு மாதிரி ஒரு ரசாயனம், மூன்றையும் மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, வாயைத் தீயில் உருக்கி அடைத்து, ஓவனுக்குள் நிறுத்தி வைப்போம். சில நாளில் மேலே எண்ணெயும் கீழே நீரும் பிரிந்து நிற்கும். நடுவில் இரண்டும் கரைந்த ஓர் அடுக்கு. அதற்குள் எவ்வளவு எண்ணெய் போயிருக்கிறது, எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று பார்த்து, சோப்பின் அளவால் வகுக்க வேண்டும். கரைப்பு விகிதம் என்போம்.

ஜூலை மாத ஞாயிறு, மதியம். வெளியே நல்ல மழை. லேபில் நானும் சீனியர் தாஹிர் பாயும் மட்டும்.

முதல் குழாயில் விகிதம் பத்து. சரி. இரண்டாவதில் கணக்கு இடித்தது. எண்ணெயில் அரை மில்லி குறைந்திருந்தது. நீரிலும் அரை மில்லி. நடு அடுக்கு ஒரு மில்லிதான் இருக்க வேண்டும். ஒன்றரை இருந்தது.

"பாய், இதுல அரை மில்லி கூடுதலா இருக்கு."

"அடைச்ச குழாய்லயா? தப்பா பாத்திருப்ப. திரும்பப் பாரு."

பார்த்தேன். ஓவன் கதவின் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதே நடு அடுக்கு பருத்தது. பழுப்பானது... பிறகு சிவப்பு.

ட்டப்.

ஒரு குழாய் வெடித்தது. அடுத்தது... அடுத்தது...

"நவுரும்மா." என்னைத் தள்ளிவிட்டு, சுவிட்சை அணைக்கக் குனிந்தார் பாய்.

அவர் பின்னந்தலை முடி கொத்தாக எழுந்தது. யாரோ பிடித்ததுபோல.

பிடித்த கை இல்லை.

டங். நெற்றி ஓவன் கதவில் மோதியது. டங். கண்ணாடி நொறுங்கியது. மறுபடி...

அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தேன். எதிரிலிருந்தும் இழுத்தது. என்னைவிடப் பலமாக.

"விடுல... விடு..." என்றார். என்னிடம் அல்ல.

டங்.

சட்டென்று விட்டது. தரையில் விழுந்தோம். அவர் முகம் தெரியவில்லை. எல்லாம் ரத்தம்.

உயிர் பிழைத்தார். வலது கண் போய்விட்டது.

போலீஸ் என்னைத்தான் சந்தேகப்பட்டது. இருவர் ரத்தத்தையும் எடுத்தார்கள். உடையாத இரண்டு குழாய்களையும் சோதனைக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்று வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். குழாய்களின் வாய் அடைத்தது அடைத்தபடியே இருந்ததாம். உள்ளே மனித ரத்தம். ஒன்றில் தாஹிர் பாயுடையது.

இன்னொன்றில் என்னுடையது.

அன்று எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.