மூடியைத் திறந்து படிக்கும் அண்ணி

என் அண்ணியிடம் பெட்ரோல் போடப் போகிறவருக்கு முதலில் பொறுமை வேண்டும். "ஃபுல் பண்ணுங்க" என்று எத்தனை அவசரமாகச் சொன்னாலும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். டேங்க் மூடியைத் திறப்பார். உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் குனிந்து படிப்பார். அதன் பிறகுதான் குழாயில் கை வைப்பார். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால், "அடிங்க, அடிங்க, பேட்டரி உங்களது" என்பார். பங்க்கில் எல்லோருக்கும் அவர் 'ஸ்டிக்கர் அக்கா'.

கிழட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து பிரீமியம் கேட்பவரையும் விடமாட்டார். "அண்ணே, இதுக்குச் சாதாவே போதும். பிரீமியம் ஊத்தினாலும் அதுக்குத் தெரியவா போகுது?" விற்கிற பொருளை வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை முதலாளி எப்படி வேலையில் வைத்திருக்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாகவே இருக்கும். ஆனால் அவரை நம்பித்தான் பாதிப் பேர் அங்கே வந்தார்கள்.

பதினோரு வருடம் நின்றே வேலை பார்த்த கால்கள் அவருடையவை. வீட்டுக்கு வந்ததும் குதிகாலை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டுதான் பேசவே தொடங்குவார். முதலாளி அடுத்த மாதம் புறவழிச் சாலையில் இரண்டாவது பங்க் திறப்பதாக இருந்தார். அதற்கு அண்ணிதான் மேனேஜர் என்று பேச்சு. தனி அறை, மேசை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாற்காலி. அந்த நாற்காலியைப் பற்றி அண்ணி ஆசையாகப் பேசுவதைக் கேட்டால், கல்யாணப் பெண்ணே தோற்றுப்போவாள்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அண்ணன் வீட்டு மாடியில் தனிக்கட்டை. போன வருடம் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கினேன். சிவப்பு நிறம், சீறும் சத்தம். "கல்யாணம் பண்ணிக்கோடான்னா காரோட வந்து நிக்கிறான்" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணி நேராகப் போய் மூடியைத் திறந்து படித்தார். குறைந்தது தொண்ணூற்றைந்து ஆக்டேன் என்று இருந்தது.

"தம்பி, சாதா தொண்ணூத்தியொண்ணு. இதுக்கு அது ஆகாது, பிரீமியம்தான் போடணும்" என்றார். "டர்போ காத்தைத் திணிச்சு உள்ளே அமுக்குது. சாதா பெட்ரோல் அந்த நெருக்கடியைத் தாங்காது. ஸ்பார்க் வர்றதுக்கு முந்தியே தானா வெடிச்சிடும். ஆக்டேன்னா பெட்ரோலோட பொறுமைன்னு வச்சுக்கோ. எவ்வளவு நெருக்கினாலும் நேரம் வர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. உங்க அண்ணன் மாதிரி."

பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, ஆறு மாதம் என் கடைக்குப் பக்கத்துப் பங்க்கில் சாதாவையே போட்டேன்; அங்கே பிரீமியம் போடுவதாக அண்ணி நினைத்திருந்தார். கஞ்சத்தனம்தான், வேறென்ன? பெட்ரோல் முந்தி வெடித்துத் தட்டும் சத்தத்தை இந்தக் காலத்து இன்ஜின் தானே கேட்டு, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திச் சமாளித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். அது உண்மைதான், சமாளித்தது. ஆனால் மேம்பாலத்தில் ஏறும்போது அழுத்தினால் ஒரு தயக்கம். கூடவே டப்பாவில் நாலு கடுகு உருளுவது போல மெல்லிய சத்தம். ஒருநாள் பக்கத்துப் பங்க் மூடியிருந்ததால் அண்ணியிடம் போய்ப் பிரீமியம் போட்டேன். அதே மேம்பாலத்தில் கார் பறந்தது. அன்றிலிருந்து திருந்திவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அண்ணியிடம் பிரீமியம் நிரப்பினேன். வியாழன் காலை மேம்பாலத்தில் அதே தயக்கம், அதே கடுகு. இரண்டு முறை சுற்றி வந்து ஏறிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. நேராகப் பங்க்குக்குப் போய்ச் சொன்னேன்.

"என் பெட்ரோலையா சொல்றே? ஸ்பார்க் பிளக்கைப் போய்ப் பாரு" என்றார் அண்ணி.

"பிளக் புதுசு அண்ணி. இது சாதா பெட்ரோல்தான். எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். "ஆறு மாசம் சாதாதான் போட்டேன், அண்ணி. உங்ககிட்ட சொல்லல. அப்போ வண்டி எப்படிப் போச்சோ, இப்போ அப்படியே போகுது."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடிக் குடுவையையும் டென்சிட்டி பார்க்கும் மிதவையையும் எடுத்து வந்தார். பிரீமியம் குழாயிலிருந்து கொஞ்சம் பிடித்து அளந்தார். சாதாவிலும் அளந்தார். புதன் காலை லாரி கொண்டுவந்த சீட்டோடு வைத்துப் பார்த்தார். எண்கள் இரண்டும் ஏறக்குறைய இடம் மாறியிருந்தன.

தரையடித் தொட்டிகளின் வாய்கள் இருக்கும் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். பச்சை மூடி சாதாவுக்கு, சிவப்பு மூடி பிரீமியத்துக்கு. போன வாரம் மூடிகளைக் கழற்றி வர்ணம் அடித்த பெயிண்டர், அவற்றை மாற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மூடிக்குக் கீழே குழாயின் கழுத்தில் எந்தத் தொட்டி என்று பொறித்திருக்கும். லாரி வரும்போது அதைப் படித்துப் பார்த்த பிறகே இறக்க வேண்டும். அன்று இரண்டு தொட்டியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அடி தட்டியிருந்ததால், உள்ளே விட்டுப் பார்க்கும் அளவுகோலும் காட்டிக்கொடுக்கவில்லை. ஊரார் மூடியையெல்லாம் படிக்கும் அண்ணி, நிறத்தை நம்பி இறக்கிவிட்டார். சீட்டில் அவர் கையெழுத்துதான் இருந்தது.

நான் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினேன். "அண்ணி, விடுங்க. சாதா வண்டிக்கு நல்ல பெட்ரோல் போனா நல்லதுதானே? டர்போ வண்டியெல்லாம் தானே சமாளிச்சுக்கும். மூணு நாள்ல தொட்டி காலியாயிடும். யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரிஞ்சுதே" என்றார். இரண்டு குழாய்களையும் பூட்டிவிட்டு முதலாளியைக் கூப்பிட்டார்.

முதலாளி அரை மணி நேரத்தில் வந்தார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. தொட்டி வாயருகே குனிந்து பார்த்துவிட்டு, "எந்த கஸ்டமர்மா கம்ப்ளெயின்ட் கொடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் கொடுக்கல சார். நானே அளந்து பார்த்தேன்." காற்றடிக்கும் இடத்தில் நின்றிருந்த என் பக்கம் அண்ணி திரும்பவே இல்லை.

முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஆயிட்டப்புறம் புதுப் பங்க்கை உங்ககிட்ட எப்படிம்மா கொடுக்கிறது? நம்ம ராத்திரி ஷிப்ட் சூப்பர்வைசரைத்தான் அங்கே போடணும். இங்கேயே இருங்க, வருத்தப்படாதீங்க."

"சரி சார்."

அவ்வளவுதான். பதினோரு வருடத்து நாற்காலி இரண்டு சொல்லில் போய்விட்டது. அண்ணி அலுவலக அறைக்குப் போய்ப் பிரீமியம் வாங்கியவர்களின் பில்களை எடுத்தார். பில்லில் போன் நம்பர் இருக்கும். மொத்தம் முப்பத்தேழு பேர். ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். "என் தப்புதான் சார். பயப்பட ஒண்ணுமில்ல. இந்த டேங்க் தீர்ற வரைக்கும் ரொம்ப அழுத்தி ஓட்டாதீங்க." ஒருவர் கண்டபடி திட்டியது வெளியே எனக்கே கேட்டது. அண்ணி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆமா சார்" என்று அடுத்த நம்பரை அழுத்தினார்.

கடைசிப் போனும் முடிந்த பிறகு உள்ளே போனேன். முகம் கழுவியிருந்தார். கண் சிவந்திருந்தது. அண்ணி அழுது நான் பார்த்ததே இல்லை. என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

"என்னாலதானே அண்ணி போச்சு. நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்."

"இன்னைக்கு நீ சொன்னது சரிதான் தம்பி. அதுல எனக்குக் கோபமில்ல." பில்களை அடுக்கி கிளிப் போட்டார். "டர்போ வண்டிக்காரங்க யார் வந்து தயங்கினாலும் உன்னைத்தான் சொல்வேன். 'என் கொழுந்தன் முதல் நாள்லேர்ந்து பிரீமியம்தான் போடுறான், வண்டி எப்படி ஓடுது தெரியுமா'ன்னு. இத்தனை மாசமா எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்!"

நான் அந்த முப்பத்தேழு பில்களையும் பார்த்தேன்.

"அவங்களுக்கெல்லாம் எந்த நம்பர்ல போன் பண்றது?" என்றார் அண்ணி.