இடச்சாய்வு கண்ட நடுவர்

என் அக்கா மகனை எல்லாரும் 'நடுவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் எந்த மைதானத்திலும் விசில் ஊதியதில்லை. புதிதாக வரும் வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து, பலம் என்ன, பலவீனம் என்ன என்று ஓர் இணைய இதழில் தீர்ப்பு எழுதுவான். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துத்தான் விநியோகக் கம்பெனிகள் ஒரு விளையாட்டை எடுக்கும், அல்லது கைவிடும். எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அவன் மாடியில் குடியிருக்கிறான், நான் கீழே. அவன் எழுதிய தீர்ப்புகளையெல்லாம் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன். பாசத்தால் அல்ல. இவ்வளவு குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி இவ்வளவு பெரிய மனிதனாகிறான் என்று பார்க்கத்தான்.

அவன் வேலை செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு கைக்கு வருவதற்கு முன்பே பலம் மூன்று, பலவீனம் மூன்று என்று தலைப்புகளைத் தட்டி வைத்துவிடுவான். பலத்தில் முதலாவது எப்போதும் வானம். 'அந்தி வானம் கண்ணைப் பறிக்கிறது' என்ற வரியை அவன் கடலுக்கடியில் நடக்கும் ஒரு விளையாட்டுக்கும் எழுதியிருக்கிறான். பலவீனத்தில் கட்டாயம் இருப்பது, 'இரண்டாம் பாதியில் கதை இழுக்கிறது.' எந்த விளையாட்டின் இரண்டாம் பாதியையும் அவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ப்பு தயார்.

கடைசிவரை ஆடிப் பார்த்தால் என்ன என்று அவன் மனைவி ஒருநாள் கேட்டாள். கதவைத் திறந்ததுமே வீடு எப்படியென்று தனக்குத் தெரிந்துவிடும் என்றான். அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவள்.

"எங்க டாக்டர் இப்படி வாயத் திறந்ததுமே பல்லப் பிடுங்கியிருந்தா, இந்நேரம் உள்ள இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அவன் புகழுக்கெல்லாம் மூலகாரணம் 'இடச்சாய்வு.' அது அவனே கண்டுபிடித்த பலவீனம், அவனே வைத்த பெயர். நாயகன் சும்மா நிற்கும்போதுகூடத் தானாக இடப்பக்கம் நகர்கிறான், ஒரு மனிதனை நேராக நிறுத்தத் தெரியாதவர்கள் விளையாட்டு செய்ய வந்துவிட்டார்கள் என்று ஒருமுறை எழுதினான். அடுத்த தீர்ப்பிலும் எழுதினான். பிறகு எல்லாவற்றிலும் எழுதினான். வாசகர்கள் சிலிர்த்துப்போனார்கள். தங்கள் வீட்டிலும் நாயகன் நகர்வதைக் கண்டதாகக் கடிதம் போட்டார்கள். மற்ற விமர்சகர்கள், தாங்கள் கவனிக்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, அவர்களும் இடச்சாய்வைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு கம்பெனி பயந்துபோய், எதற்கும் இருக்கட்டும் என்று நாயகனை லேசாக வலப்பக்கம் சாயும்படி செய்து அனுப்பியது. காசு கொடுத்து வாங்கியவன் வீட்டில் நாயகன் வலப்பக்கச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றான். நடுவரோ அதற்கு ஒன்பது மதிப்பெண் போட்டு, 'கடைசியில் ஒருவன் நிற்கக் கற்றுக்கொண்டான்' என்று எழுதினான்.

இந்த நடுவருக்கு ஒரு தங்கை உண்டு. எங்கள் குடும்பத்தில் உருப்படியானது அது ஒன்றுதான். வேலையை விட்டுவிட்டு, ஒரு தோழியோடு சேர்ந்து, வாடகை அறை ஒன்றில் உட்கார்ந்து அவளும் ஒரு விளையாட்டு செய்தாள். உயரமான கட்டடங்களின் சாரத்தில் நின்று சுவருக்கு வண்ணம் அடிக்கும் ஒரு தொழிலாளியின் கதை. துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. காற்று அடிக்கும், பலகை ஆடும். அவன் அசையாமல் நின்றால்தான் தூரிகை ஓடும். அந்த விளையாட்டின் உயிரே நிற்பதில்தான் இருந்தது.

எடுத்துக்கொள்ள ஒரு விநியோகக் கம்பெனி முன்வந்தது. ஆனால் நடுவர் ஏழு மதிப்பெண்ணாவது போட வேண்டும் என்றது. போடாவிட்டால் அவள் அறையைக் காலி செய்துவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான். நகைகள் ஏற்கெனவே போய்விட்டன. தங்கையின் விளையாட்டுக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம் என்று வேறு யாராவது ஒதுங்கியிருப்பார்கள். இவன் ஒதுங்கவில்லை. தராசுக்கு உறவு கிடையாது என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தான். தராசைப் பற்றி என்னிடமே வந்து சொன்னான்.

நான்கு போட்டான். வானம் கண்ணைப் பறிக்கிறது. கதை இழுக்கிறது. 'இடச்சாய்வு இதுவரை கண்டிராத அளவுக்கு முற்றியிருக்கிறது. தொழிலாளி பலகையில் கால் வைத்ததும் இடப்பக்கம் விழுந்து சாகிறான். செய்தவருக்கு அடிப்படையே தெரியவில்லை.'

மறுநாள் காலையில் அவள் தன் ஜாய்ஸ்டிக்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். முகத்தைப் பார்த்ததும் நானும் பின்னாலேயே மாடியேறினேன். சண்டை போடவில்லை. எங்கே விழுகிறான் என்று காட்டச் சொன்னாள், அவ்வளவுதான். அவன் பெருந்தன்மையோடு உட்கார்ந்து தன் ஜாய்ஸ்டிக்கை எடுத்தான். அது ஏதோ விழாவில் அவனுக்குப் பரிசாகக் கொடுத்தது. முதுகில் தங்க எழுத்தில் 'நடுவர்' என்று பொறித்திருக்கும். பொறித்த எழுத்தில் பாதி தேய்ந்த பிறகும் அவன் வேறொன்றைத் தொட்டதில்லை. கட்டைவிரல் வைக்கும் குமிழ் கிழவன் பல்போல ஆடிக்கொண்டிருந்தது.

திரையில் தொழிலாளி பலகையில் ஏறினான், இடப்பக்கம் நகர்ந்தான், விழுந்தான்.

"பாத்தியா?" என்றான் நடுவர்.

"பாத்தேண்ணா. இப்ப அத மேசை மேல வச்சிட்டு கைய எடு."

வைத்தான். கையைக் கட்டிக்கொண்டான். தொழிலாளி மறுபடி பலகையில் தோன்றினான். யாரும் எதையும் தொடவில்லை. அவன் பாட்டுக்கு இடப்பக்கம் நடந்துபோய்ப் பொத்தென்று விழுந்தான்.

அவள் அவனுடைய ஜாய்ஸ்டிக்கின் கம்பியைப் பிடுங்கித் தன்னுடையதை மாட்டினாள். தொழிலாளி நின்றான். காற்று அடித்தது, சட்டை படபடத்தது, அவன் ஆணி அடித்ததுபோல நின்றான். நடுவரின் மனைவி சமையலறை வாசலிலிருந்து, "அட, இவருக்கு நிக்கத் தெரியுதே" என்றாள்.

நடுவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது ஒரு கணம் நம்பிக்கை வந்தது. பிறகு அவன் வாயைத் திறந்தான்.

"உன் ஜாய்ஸ்டிக்ல ஏதோ கோளாறு இருக்கு."

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் முடிவு சொல்லிவிடுவார்கள், அதற்குள் திருத்தி எழுது என்றாள். எழுதியது எழுதியதுதான் என்றான். ஒன்றைத் திருத்தினால் மற்றதையெல்லாம் திருத்த வேண்டிவரும், தன் வாசகர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டான்.

"அப்ப உன் வாசகர்களையே இங்க கூப்பிட்டுக் காட்டறேன். மேசை மேல வச்சுக் கையக் கட்டிக்கிட்டு உக்காரு" என்றாள். தன் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று நடுவர் சாப்பிடவில்லை. மாலையில் கடைக்குப் போய்ப் புது ஜாய்ஸ்டிக் ஒன்றை வாங்கிவந்து, அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு மாடியேறினான். ஜன்னலோரம் நாற்காலி போட்டிருக்கும் என் கண்ணில் அது படாமலா போகும்?

வியாழக்கிழமை புதிய தீர்ப்பு வந்தது. 'எங்கள் விமர்சனத்துக்குப் பிறகு செய்தவர்கள் இரவு பகலாக உழைத்து இடச்சாய்வை முற்றிலும் நீக்கியிருக்கிறார்கள். தவறை ஏற்றுக்கொள்ளும் பணிவு பாராட்டத்தக்கது.' எட்டு மதிப்பெண். கம்பெனி கையெழுத்துப் போட்டது. 'விமர்சனத்தை மதித்த விளையாட்டு' என்று விளம்பரமும் செய்தது.

"நான் ஒரு எழுத்தக்கூட மாத்தல மாமா" என்றாள் என்னிடம். மாற்றாததற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருந்தாள். அறையின் வாடகை அவள் வாயைக் கட்டிவிட்டது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

நடுவர் வருடக் கடைசியில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினான். இந்த ஆண்டு இடச்சாய்வு துறையிலிருந்தே ஒழிந்துவிட்டதாம், விமர்சனம் வென்றுவிட்டதாம். வலப்பக்கம் சாய்த்துக் கொடுத்த பழைய கம்பெனி அதேபோல இன்னொன்றை அனுப்பியிருந்தது. அதற்கு மூன்று போட்டு, 'வலச்சாய்வு' என்ற புதிய நோய் பரவுவதாக எச்சரித்தான். தங்க எழுத்து ஜாய்ஸ்டிக் இப்போது வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வருகிறவர்கள் அதோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

தங்கையின் விளையாட்டு நன்றாகவே விற்கிறது. விளையாட்டின் முடிவில் நடுவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கம்பெனி கேட்டதாம், அவளும் சேர்த்துவிட்டாளாம். எப்படிச் சேர்த்தாள் என்று பார்க்க ஆசைப்பட்டு, அவளிடமே கற்றுக்கொண்டு, பலமுறை விழுந்து செத்து, கடைசிச் சுவர்வரை வண்ணம் அடித்து முடித்தேன். கதை எங்கேயும் இழுக்கவில்லை. முடிந்ததும் கறுப்புத் திரையில் பெயர்கள் வந்தன. அவள் பெயர், தோழியின் பெயர், இசை, ஓவியம் எல்லாம் அசையாமல் நின்றன. கடைசியாக, 'நன்றி: நடுவர்.' 'நடுவர்' என்ற அந்த ஒரு சொல் மட்டும் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. நகர்ந்து, ஓரத்தைத் தொட்டு, பொத்தென்று கீழே விழுந்தது.

வாங்கியவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவன் மனைவி என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள். நடுவர் இன்னும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமானால் கடைசிவரை ஆட வேண்டும்.