கறுப்புச் சேறு

பழவேற்காடு முகத்துவாரத்தில் ஆய்வுக்காகக் குழாயை இறக்கி ஏரியின் அடிமண்ணை எடுக்கிறேன். மறுபடியும் வெறும் மணல். அலை புரட்டிக்கொண்டே இருக்கும் இடத்தில் செத்த பாசி தங்காமல் மக்கிப் போகிறது. ஏரியில் தண்ணீர் அசையாத ஒரு மூலையில், கூட ஆய்வுக்கு வந்து இன்னொரு படகில் இருக்கும் சுமதியின் குழாயில் மட்டும் கன்னங்கரேலென்று சேறு. அங்கே காற்றுப் புகாததால் பாசி அப்படியே புதைந்திருக்கிறது. எத்தனையோ லட்சம் வருஷம் கழித்து எரிவாயு சுரக்கும் களிப்பாறையாக மாறக்கூடியது அவள் சேறுதான். அதன் அழுகின முட்டை நாற்றத்துக்காக எனக்கு வயிறு எரிகிறது.

படகுக்காரர் தேசப்பன் சிரிக்கிறார். “இன்னா சார், அந்தம்மாவையே பாத்துகினு கீறீங்க? எறா நல்லா படற எடம் எங்களுக்கும் கொஞ்சம்தான். அதான் பாடுனு முறை வச்சிக்கினோம். இன்னிக்கு அவன் வலை போட்டா நாளைக்கு நானு. நீங்களும் மாத்திக்கோங்க.”

கரைக்கு வந்ததும் கேட்டே விடுகிறேன். “சுமதி, நாளைக்கு இடம் மாத்திக்கலாமா?”

“அப்பாடா! எடுத்துக்கோ. இந்த நாத்தத்துல தலையே வெடிக்குது. காலையிலேருந்து உன் கடல்காத்தைப் பாத்து எனக்கு ஒரே வயித்தெரிச்சல்.”

அதை அவளால் இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறதே என்று, இப்போது அதற்கும் சேர்த்து எரிகிறது.