அத்தையின் ஓட்டை ஒளித்த கதை

நெதர்லாந்தில் தேர்தல் என்று செய்தியில் வரும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் லேசாக வயிறு எரியும். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த ஊர்த் தேர்தலோடு என்ன பங்காளிச் சண்டை என்று நீங்கள் கேட்கலாம். என் கட்டிலையும் என் அப்பாவையும் ஒன்றாகப் பறித்துக்கொண்ட தேர்தல் அது.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாவின் தங்கை, என் அத்தை, நெதர்லாந்துக்குப் படிக்கப் போன இடத்திலேயே கல்யாணம் செய்துகொண்டு அந்த ஊர்க் குடியுரிமையும் வாங்கியவள். ஒரு பிப்ரவரி மாதம் மகளோடு ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். மாமா வரவில்லை, வேலை அதிகம் என்றார்கள். அத்தை மகள் என்னைவிட நான்கு மாதம் இளையவள். அவளுக்கு என் கட்டில், எனக்குத் தரையில் மெத்தை. விடிவதற்குள் நான் எழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன், அவள் போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள். இவளுக்கு மட்டும் ஏன் பள்ளிக்கூடம் இல்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "உன் வேலையப் பாரு" என்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அப்பா பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டு என் பக்கத்தில்தான் உட்காருவார். இவள் வந்த பிறகு அது போயிற்று. அந்த ஊரில் அடுத்த மாதம் நாடாளுமன்றத் தேர்தல். தபாலில் வந்த வேட்பாளர் பட்டியலை அத்தை மகள் சாப்பாட்டு மேசைமேல் விரித்தாள். படுக்கை விரிப்புப் போல இரண்டு பக்கமும் தொங்கியது. இருபதுக்கும் மேற்பட்ட கட்சிகள். விவசாயிகளுக்கு ஒன்று, வயதானவர்களுக்கு ஒன்று, விலங்குகளுக்கென்றே ஒன்று. அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவள் மைலோ டின்னையும் சம்பால் மிளகாய் விழுது பாட்டிலையும் பிஸ்கட் டப்பாவையும் எடுத்து வரிசையாக வைத்து அப்பாவுக்கு விளக்கினாள்.

"மாமா, மொத்தம் நூத்தம்பது சீட்டு. தனியா யாருக்கும் எழுபத்தாறு கிடைக்காது. அதனால இவங்க எல்லாம் சேரணும். மைலோவுக்கு சம்பாலப் பிடிக்காது. ஆனாலும் ஒண்ணா இருக்கணும். பிஸ்கட் கோச்சிக்கிட்டு வெளிய போயிட்டா ஆட்சி போச்சு."

"அப்புறம் யாரு பாத்துக்குவா?"

"புது ஆட்சி வர்ற வரைக்கும் பழைய ஆளுங்களே பாத்துக்குவாங்க. ஆனா பெரிசா எதையும் முடிவு பண்ண மாட்டாங்க."

"கெட்டிக்காரி லா இவ" என்றார் அப்பா. அதே வாரம் தமிழ்க் கதைசொல்லும் போட்டியில் நான் இரண்டாம் பரிசு வாங்கியிருந்தேன். சான்றிதழை அவர் கண்ணில் படும்படி மேசைமேல்தான் வைத்திருந்தேன். அதன்மேல்தான் சம்பால் கட்சி உட்கார்ந்திருந்தது. பாட்டிலைத் தூக்கியபோது என் பெயரைச் சுற்றி எண்ணெய் வட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தைக்கு அதுதான் அந்த நாட்டில் முதல் ஓட்டு. ஒரு சனிக்கிழமை எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து, மகள் கொடுத்த சிவப்புப் பென்சிலால் ஓட்டுச்சீட்டில் ஒரு பெயருக்குப் பக்கத்து வட்டத்தை நிரப்பினாள். இங்கே நாம் போடுவதுபோல் பெருக்கல் குறி போடக்கூடாதாம், வட்டத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டுமாம். உறையை ஒட்டித் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். புதன்கிழமைக்குள் அது தூதரகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த உறை என் டியூஷன் கோப்புக்குள் போய்விட்டது. எடுத்தது நான்தான். கட்சி கட்சி என்று குதிப்பவள் மூஞ்சி ஒருநாளாவது சுருங்கட்டும் என்று நினைத்தேன். சுருங்கியது. திங்கள் முழுக்க வீட்டையே புரட்டிப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை அத்தை சோபாவில் உட்கார்ந்து அழுதாள். ஒரு காகிதத்துக்காகப் பெரியவர்கள் அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பா ஆறுதல் சொன்னார். "விடும்மா. நம்ம ஊரா இருந்தா ஓட்டுப் போடலன்னு பட்டியல்லேந்து பேரையே எடுத்துருவாங்க. அங்க அந்த வம்பெல்லாம் இல்லைல்ல."

அவர் சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் நின்றது. பேரையே எடுத்துவிடுவார்கள். பேரை எடுத்துவிட்டால் நாட்டுக்குள் எப்படி விடுவார்கள்? விடாவிட்டால் இவள் எங்கே போவாள்? என் கட்டிலில்தான், காலம் முழுக்க. எனக்கு வியர்த்துவிட்டது. அரைமணி நேரத்தில் சோபாவுக்கு அடியில் கையை விட்டு, "இதோ இருக்கு!" என்று உறையைக் "கண்டுபிடித்தேன்". அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா பல நாள் கழித்து என் தலையைத் தடவினார். வெட்கமே இல்லாமல் நின்றேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் அத்தை என்னை மட்டும் தூதரகத்துக்குக் கூட்டிப்போனாள். உறையைக் கொடுத்துவிட்டு, தேக்காச் சந்தையில் எனக்கு ஆப்பம் வாங்கித் தந்தாள். இனி பேரை எடுக்க மாட்டார்கள்தானே என்று கேட்டேன்.

"அங்க எடுக்க மாட்டாங்கம்மா. இங்கதான் எடுத்துட்டாங்க. அந்த ஊர் பாஸ்போர்ட்டுக்காக இந்த ஊர்க் குடியுரிமை வேணாம்னு நாந்தானே எழுதிக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, தன் ஆப்பத்தையும் என் தட்டில் வைத்தாள். நான் இரண்டையும் தின்றேன்.

மாமா அந்தக் குளிர்காலத்தில் வீட்டைவிட்டுப் போயிருந்தார் என்பதும், அத்தை பிறந்த ஊரிலேயே மகளோடு தங்கிவிட வழி கேட்டு அலைந்துகொண்டிருந்தாள் என்பதும் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வழி கிடைக்கவில்லை. நான் எதை நினைத்து வியர்த்தேனோ, அதைத்தான் அவர்கள் வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கிளம்பிய அன்று நான் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை மகள் பெட்டியை மூடிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வேலையிலிருந்து வரும் நேரம்.

"உங்கப்பா தினமும் வேலை முடிஞ்சதும் இங்கதான் வருவாரா?" என்று கேட்டாள்.

இத்தனை கட்சி தெரிந்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே குஷி. "பின்ன, வேற எங்க போவாரு?" என்றேன்.