பல்செட்டு அத்தானின் எஞ்சின்

என் அத்தானுக்குப் பொய்ப்பல் செய்வது தொழில். எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள். பல்செட்டு என்றே அவருக்குப் பெயர் ஆகிவிட்டது. கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. "இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடறேனே" என்பார். காத்திருந்து அலுத்துப்போன கிழவர்கள், பல்லை அவர் கையிலிருந்து பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு பழைய காரை வாங்கினால் என்ன ஆகும்? கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற காலத்து வண்டி அது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நிறுத்தி, எஞ்சினைக் கழற்றி வெளியே எடுத்தார். அதோடு பதினோரு வருஷம் போய்விட்டது. பிஸ்டன்களை ஏழு முறை மாட்டி ஏழு முறை கழற்றினார். வால்வுகளைக் கடைவாய்ப் பல் மாதிரி உட்கார்ந்து தேய்த்தார். பூச்சி போய்விடக் கூடாதென்று எஞ்சினில் இருந்த ஓட்டைகளையெல்லாம் பல் அச்சுக்கு வைத்திருக்கும் ரோஸ் மெழுகால் அடைத்து வைத்தார்.

என் அக்கா தையல் சொல்லிக்கொடுப்பவள். நான்கு மெஷின்கள் படுக்கையறையில் கிடக்கின்றன. கட்டிலுக்குப் போக வேண்டுமென்றால் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். ஆறு பெண்கள் வகுப்பில் சேரக் காத்திருக்கிறார்கள், உட்கார வைக்க இடமில்லை. போன மாதம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"வர்ற ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கிழமை. காலையில பத்து மணி. இது பத்து நிமிஷம் ஓடணும். ஓடலேன்னா எஞ்சின், கார், சாமான் எல்லாம் பழைய இரும்புக்காரர் வண்டியில ஏறிடும். ஷெட் எனக்கு."

"ஓடினா?" என்று நான் கேட்டேன்.

"முதல்ல ஓடட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை மணல் வாளியோடு ஷெட்டில் நிற்க வைத்தார்கள். தீப்பிடித்தால் கொட்ட வேண்டுமாம். எஞ்சினை ஒரு இரும்புச் சட்டத்தில் இறுக்கியிருந்தார் அத்தான். உத்தரத்திலிருந்து பழைய பைக் டாங்க் ஒன்று பெட்ரோலோடு தொங்கியது. ரேடியேட்டருக்குப் பதில் தண்ணீர் டிரம்.

"இவ்வளவு கூத்து எதுக்கு? நேரா காருக்குள்ளயே வச்சுடலாமே அத்தான்?"

"பல்லை முடிக்கிறதுக்கு முன்னாடி மெழுகுல வச்சுக் கடிக்கச் சொல்லிப் பாக்கறதில்லையா மாப்ளே? உள்ள மாட்டினப்புறம் கோளாறு தெரிஞ்சா மறுபடி எல்லாத்தையும் கழட்டணும்."

அவர் கழற்றுவதற்கு அஞ்சுகிறவர் மாதிரிப் பேசியது எனக்குச் சிரிப்பாக வந்தது. பழைய இரும்புக்காரர் ஒன்பதே முக்காலுக்கே வந்து, எஞ்சினைக் கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு அத்தான் கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. நான் சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. பத்தே கால் ஆயிற்று. அத்தானின் சட்டை தொப்பலாக நனைந்து முகம் வெளுத்துவிட்டது. இரும்புக்காரர் எழுந்து தன் வண்டியில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அப்போது வாசற்படியில் நின்றிருந்த அக்கா சொன்னாள்: "அந்தப் பெட்ரோல் குழாய் மாட்டற இடத்துல மெழுகை எடுத்தீங்களா? வாராவாரம் தூசி தட்டறவ நான். பதினாலு அடைப்பு இருந்துச்சு. நீங்க எடுத்துப் போட்ட தட்டுல பதிமூணுதான் கிடக்கு."

அத்தான் குழாயைப் பிடுங்கினார். உள்ளே ரோஸ் மெழுகு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட அதைத் தாண்டிப் போகவில்லை. எனக்கு அக்கா மேல்தான் ஆத்திரம் வந்தது. கைக்கு வந்த ஷெட்டை எந்தப் பைத்தியமாவது இப்படித் தட்டிவிடுமா?

மெழுகை எடுத்துவிட்டுச் சுற்றியதும் எஞ்சின் ஒரு வெடி வெடித்தது. இரும்புக்காரர் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார். பிறகு அது தடதடவென்று ஓட ஆரம்பித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. அத்தான் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார். நானும் கூடச் சேர்ந்து தட்டினேன்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபதும் ஆயிற்று. அத்தான் நிறுத்துகிற வழியாக இல்லை.

"போதும் அத்தான்!" என்று கத்தினேன்.

"நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகலேன்னா? ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் வாங்கிட்டு வா!"

டிரம்மில் தண்ணீர் ஆவி பறந்தது. இப்படியே பெட்ரோல் ஊற்றி ஊற்றிக் காலம் பூராவும் ஓட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அக்கா உள்ளே வந்து டாங்க் குழாயைத் திருகி மூடினாள். எஞ்சின் அரை நிமிஷம் விக்கி விக்கி நின்றது. அத்தானின் கண் கலங்கிவிட்டது. அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அக்கா குழாயைத் திறந்துவிட்டாள். "இப்ப சுத்துங்க."

"வேண்டாம். நாளைக்கு எல்லாத்தையும் கழட்டி ஒரு தடவை பாத்துட்டு..."

"தள்ளுங்க" என்று அவளே கைப்பிடியைப் பிடித்தாள்.

"கட்டைவிரலைச் சுத்திப் பிடிக்காதே! கைப்பிடி திருப்பி அடிச்சா விரல் ஒடிஞ்சிடும்!" என்று அத்தான் அலறினார்.

அவள் விரலை மாற்றிக்கொண்டு அரைச் சுற்றுதான் சுற்றினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இரும்புக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, நீங்களே ஓட்டி விட்டுட்டீங்களே. ஷெட் போச்சே உங்களுக்கு?"

"எங்கங்க போச்சு?" என்றாள் அக்கா. பதினோரு வருஷமாக அந்த எஞ்சின் ஓட வேண்டுமென்று நிஜமாகவே ஆசைப்பட்டது அவள் ஒருத்திதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அத்தானைப் பார்த்துத் திரும்பினாள். "வியாழக்கிழமை ஆறு பேரும் வராங்க. அதுக்குள்ள மாட்டிக் காரைத் தெருவுல கொண்டுபோய் நிறுத்துங்க. ஓடற வண்டிக்கு எதுக்கு ஷெட்?"