நாத்தனார் விளக்கு

ஊரெல்லாம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லி அலைந்த சண்முகவடிவுக்கு, ஒரு வார்த்தையை மிச்சம் பிடிக்கத் தெரியாமல் போயிற்று. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

பகலில் மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பாள். மாலையில் அபிராமபுரத்து மாடியறையில் மின்சிக்கன மன்றம். ஊரூர்க் குப்பத்தில் ஒரு கம்பம்கூட நடவில்லை, பாண்டி பஜாரிலோ பட்டப்பகலில் சீரியல் பல்பு கண்சிமிட்டுகிறது, இது என்ன நியாயம் என்று கோட்டையில் அதிகாரி அதிகாரியாகப் போய்க் கேட்பாள். காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருப்பாள். ஆரம்பத்தில் மன்றத்துக்குக் கூட்டம் வந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியாக மிஞ்சிய ரிடையர்டு இன்ஜினீயர் ஸ்ரீனிவாசராகவனும் டெல்லிக்கு, மகன் வீட்டோடு போய்விட்டார். அப்புறம் மன்றம் என்றால் அவளும் ஒரு மேசைவிசிறியும்தான். அந்த விசிறியையும் அவள் போடமாட்டாள்.

அவள் சுவர் சுவராக ஒட்டிய நோட்டீஸில் ஒரே வாசகம்: "விளக்கை அணையுங்கள்." தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணன் பொன்ராஜுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏட்டி, நம்ம வீட்டுல என்னைக்காவது விளக்கை அணைன்னு சொல்லியிருக்கோமா? குளிர வைன்னுதான சொல்லுவோம். பொம்பளப்பிள்ள எழுதுற வார்த்தையா இது?"

"பல்பைக் குளிர வைன்னு எழுதினா, ஐஸ்ல போடணுமான்னு கேப்பாங்கண்ணே," என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. மின்வெட்டு வந்தது. கடைகளில் அலங்கார விளக்கு கூடாது என்று உத்தரவும் வந்தது. அத்தனை வருஷமாக அவள் கேட்டது அதைத்தான். ஜெயித்தவளைப் பாராட்ட ஒரு நாதி இல்லை. தீபாவளி வியாபாரத்தில் கடை இருண்டு கிடந்ததைப் பார்த்த அண்ணன் மட்டும் அவளை மறக்கவில்லை.

தை மாதம் தம்பி ஜவஹருக்குக் கல்யாணம். மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். மணப்பெண்ணுக்குப் பின்னால் நாத்தனார் விளக்கைப் பிடித்து நிற்பதும், தாலியில் மூன்றாவது முடிச்சுப் போடுவதும் அவள் உரிமை. தனக்குத்தான் கல்யாணம் கூடிவரவில்லை, இந்த ஒரு இடமாவது தனக்கென்று இருக்கிறதே என்று நம்பியிருந்தாள். அதற்காகவே ஒரு அரக்குப் பட்டு எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

மேடையேறப் போனவளை அண்ணன் தடுத்தார். "நீ கீழ இரு. சித்தப்பா மக தங்கபுஷ்பம் பிடிக்கட்டும். ஊரு பூரா விளக்கை அணைன்னு சொன்னவ, முகூர்த்த நேரத்துல வேண்டாம்."

ஜவஹர் அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து மாலையைச் சரிசெய்துகொண்டான்.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் அட்சதை போட்டார்கள். அவள் இறுக்கிப் பிடித்திருந்த அட்சதை வியர்வையில் கையோடு ஒட்டிக்கொண்டு விழவில்லை. அத்தனை பேர் நடுவில் நின்றபோது இருந்த தனிமை, அந்த மாடியறையில்கூட அவளுக்கு இருந்ததில்லை.

பந்தி தொடங்கியதும் தங்கபுஷ்பம் எரிகிற விளக்கோடு அவளைத் தேடி வந்தாள்.

"அக்கா, காத்துல இது தானா போயிட்டா ஆகாதாம். நான் குளிர வைக்கவும் பயமா இருக்கு. உங்களுக்குன்னா பழக்கம்லா. பெரியண்ணன்தான் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

சண்முகவடிவு வாங்கிக்கொண்டாள். முதல் தடவையாக அந்த விளக்கு அவள் கைக்கு வந்தது. தலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, சுடரின் மேல் மெல்ல வைத்தாள்.

"குளிர்ந்துட்டா, அக்கா?"

"அணைஞ்சிருச்சு," என்றாள் சண்முகவடிவு.